வெள்ளைக்கு அடியில் மஞ்சள்

அத்தியாயம் 11

மூன்று நாட்களாகத் தாரணி அந்த வீட்டில் எந்த நாற்காலியிலும் கால்மணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை. மாடியில் இருந்தால் கீழே ஆபீசில் ஃபேக்ஸ் மணி அடிப்பது போல இருக்கும். இறங்கி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. மைசூர் மண்டி மொஹல்லாவின் சந்தில் ஆட்டோக்கள் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டிருக்கும். மறுபடி மாடிக்குப் போவாள்.

தில்லியில் பன்னாட்டு வர்த்தக வழக்குகள் நடத்தும் சட்ட அலுவலகத்தில் அவளுக்கு இது ஆறாவது ஆண்டு. உருக்கு, சாயம், பருத்தி நூல் என்று எத்தனையோ சரக்குக்காகக் காகிதம் தயாரித்திருக்கிறாள். எல்லாம் யாருடையதோ. இப்போதுதான் முதல் தடவையாகச் சரக்கு அவள் வீட்டுடையது.

அண்ணன் நஞ்சுண்டசாமி சென்ற ஆண்டு ஜெர்மனிக்கு அனுப்பிய இருபத்திரண்டு கறுப்புக் கிரானைட் கற்கள் எட்டு மாதமாக ஹாம்பர்க் துறைமுகத்தில் கிடக்கின்றன. வாங்கியவர்கள் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் மைசூருக்கு வந்து பார்த்து, வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போன கற்கள் இவை அல்ல. வேறு கற்களில் அதே எண்களை எழுதி எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்பது அவர்கள் வாதம். கிரானைட்டின் விலை உலகம் முழுக்க விழுந்துவிட்டதால் தட்டிக்கழிக்கிறார்கள் என்பது தாரணியின் வாதம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், தகராறு என்று வந்தால் லண்டனில் நடுவர்கள் முன் தீர்த்துக்கொள்வது என்று ஒரு வரி இருந்தது. அப்பா இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார். அண்ணனும் படிக்கவில்லை.

தோற்றால் குண்டலுபேட்டைக்குப் பக்கத்துக் குவாரியும், நஞ்சன்கூடு ரோட்டில் கற்களை அடுக்கி வைக்கும் யார்டும் கையை விட்டுப் போகும். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம். லண்டனில் எழுந்து நின்று வழக்கைத் தொடங்கிப் பேசப்போவது தாரணி என்று தில்லி சீனியர் வக்கீல் முடிவு செய்திருந்தார். சாட்சி அவளுடைய அண்ணன் என்பதை எதிர்த்தரப்புக்கும் எழுதித் தெரிவித்தாகிவிட்டது. "அந்தக் கல்லைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட உனக்குத்தான் தெரியும்" என்றார் அவர். அதைச் சரியாகச் செய்தால் அடுத்தது ஜெனீவா. உலக வர்த்தக அமைப்பு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அங்கே நாடுகளுக்குள் நடக்கும் வழக்குகளில் வேலை செய்ய அலுவலகம் ஒருவரை அனுப்பப்போகிறது.

காலை ஒன்பது மணிக்கு ஃபேக்ஸ் உண்மையிலேயே அடித்தது.

முப்பத்தோரு பக்கம். மெழுகுத்தாள் போன்ற ஃபேக்ஸ் காகிதம் சுருண்டு சுருண்டு வந்து தரையில் விழுந்தது. எதிர்த்தரப்பு நிபுணரின் அறிக்கை. இதற்கு ஏதாவது பதில் சொல்வதாக இருந்தால் இன்று லண்டன் நேரம் பகல் பன்னிரண்டுக்குள், அதாவது நம் நேரம் நாலரைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சீனியர் மேலே எழுதியிருந்தார்.

இரண்டாம் பக்கத்திலேயே தாரணி நின்றுவிட்டாள்.

ஆறு கற்களில் எண்ணின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் மஞ்சள் நிறப் படிவு ஒன்று இருக்கிறது. துரு அல்ல. பெயிண்ட் அல்ல. தாவரத்திலிருந்து வந்தது. அது என்ன, ஏன் அங்கே வந்தது என்பது தெரியவில்லை. ஆனால் எங்கள் இன்ஸ்பெக்டர் சுத்தமான கல்லின் மேல்தான் எண் எழுதினார்.

அவர்களுக்குத்தான் தெரியவில்லை.

"என்ன அம்மிணி, ஜெர்மன்காரன் மறுபடி பாட ஆரம்பிச்சுட்டானா?"

நஞ்சுண்டசாமி யார்டுக்குக் கிளம்பி நின்றான். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு அளவு டேப்.

"நம்ம கல்லு மேல இருக்கற நம்பரைச் சொரண்டிப் பாத்திருக்காங்கண்ணா. வெள்ளைக்குக் கீழ மஞ்சளா என்னமோ இருக்குதாம்."

அவன் ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். சாவி அவன் கையில்தான் இருந்தது.

"கல்லுல எத்தனையோ நெறம் வரும். துருவா இருக்கும்."

"துரு இல்லைன்னு எழுதியிருக்காங்க. செடியில இருந்து வந்ததாம்."

"அப்பப் பாசி. கப்பல்ல மாசக்கணக்கா கெடந்துச்சல்ல." அவன் வாசலுக்குப் போய்விட்டான். "யார்டுல லாரி நிக்குது. மத்தியானம் பேசிக்கலாம்."

"நாலரை மணிக்குள்ள பதில் அனுப்பணும்ண்ணா."

"பாசின்னு எழுதிரு" என்றான், திரும்பாமல்.

தாரணி சுருண்ட தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு மாடி ஏறினாள்.

அம்மா நாச்சம்மாள் சமையலறை வாசலில் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்திருந்தாள். கன்னத்தின் ஓரத்தில், காதுக்குக் கீழே, சரியாகக் கழுவாத மஞ்சள்.

"அம்மா, போன வருசம் ஆயுத பூஜைக்கு யார்டுக்குப் போனீங்களா?"

"போகாம? உங்கப்பன் போனதுல இருந்து நான்தான தேங்கா ஒடைக்கறேன். நீ தில்லியில இருந்துக்கிட்டு ஒரு வருசமாச்சும் வந்தியா?"

"கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசினீங்களா?"

"கம்ப்ரெசருக்குப் பூசினேன், கிரேனுக்குப் பூசினேன், லாரிக்குப் பூசினேன். கல்லை மட்டும் உட்டுருவனா? கடல் தாண்டிப் போற கல்லு. கிரேன் கம்பியில இருக்கற கிரீசெல்லாம் ஈஷிக்கிட்டு மூதேவியாட்டம் நிக்குது. சாமி கும்பிடற அன்னைக்கு அப்படியா நிக்க வெக்கறது? நான்தான் சொன்னேன், மண்ணெண்ணெய் ஊத்திக் கம்பி பிரஷ்ல தேயுங்கடான்னு. தேச்சுக் கழுவி, மஞ்சள் பூசிப் பொட்டு வெச்சோம். ஒவ்வொண்ணும் அம்மனாட்டம் நின்னுச்சு, பாக்கணும் நீ."

"நம்பரும் போயிருக்குமே."

முறம் நின்றது.

"போச்சு" என்றாள் நாச்சம்மாள். "பெரியவன் சாயங்காலம் வந்து பாத்துப்போட்டுத் தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான். அன்னைக்குச் சோறு திங்கல. மறுநாளு அவனே பிரஷ்ஷும் டப்பாவும் எடுத்துக்கிட்டுப் போய் எல்லாத்துக்கும் எழுதினான். அம்மிணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க, திட்டுவான்னு சொன்னான்."

தெருவில் யாரோ தகர டப்பாக்களை இறக்கினார்கள். அந்தச் சத்தம் முடிந்ததும் நாச்சம்மாள் கேட்டாள்.

"நான் பூசின மஞ்சளுனாலயா கல்லு அங்க கெடக்குது?"

"இல்லம்மா" என்று தாரணியால் உடனே சொல்ல முடியவில்லை. சொன்னபோது அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

மறுபடி கீழே இறங்கினாள். மேசையில் இருந்த எல்லாவற்றையும் ஒதுக்கினாள். எண்ணை மறுபடி எழுதியது குற்றமில்லை. அதே கல்லில் அதே எண்ணை எழுதியிருந்தால் போதும். அதற்கு ஒரு வழி இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கல்லையும் நீளம், அகலம், உயரம் அளந்து எழுதி, அவரும் அண்ணனும் கையெழுத்துப் போட்ட தாள் அவள் கோப்பில் இருக்கிறது. ஹாம்பர்க்கில் அளந்த அளவுகள் இன்று வந்த அறிக்கையின் கடைசியில், பின்னிணைப்பில், சிறிய எழுத்தில் இருக்கின்றன. இதுவரை அவற்றை அவர்கள் தரவில்லை. ஏன் தரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அளவுகள் பொருந்தினால் அவர்கள் வழக்கு அங்கேயே முடிந்தது.

ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஒன்று சரி. இரண்டு சரி. ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய. ஒரு கரடுமுரடான கல்லை இரண்டு பேர் அளந்தால் அவ்வளவு இருக்கும். எட்டு, ஒன்பது, பத்து. அவளுக்குச் சிரிப்பு வந்தது. லண்டனில் இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எப்படிப் பேசுவது என்று மனம் ஏற்கெனவே வாக்கியம் அமைக்கத் தொடங்கியிருந்தது. பதினாறு சரி.

பதினேழு. இங்கே நீளம் இருநூற்று எண்பத்தைந்து. அங்கே இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை எல்லாம் சரி.

மூன்று தடவை பார்த்தாள். கல் கடலில் போனால் பன்னிரண்டு சென்டிமீட்டர் வளராது.

அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்காரவில்லை. ஒரு ஆட்டோ பிடித்தாள்.

நஞ்சன்கூடு ரோட்டில் ஆவணி மேகம் சாமுண்டி மலையைப் பாதி மூடியிருந்தது. ஆட்டோக்காரன் கன்னடத்தில் ஏதோ பெட்ரோல் விலை பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அவள் ஆமாம் என்பதற்கு 'ஹௌது, ஹௌது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தில்லியில் ஆறு வருஷத்தில் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு: சாட்சியிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் பதில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதில் அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கப் பயமாக இருந்தது.

யார்டில் கிரேனுக்கு அடியில் மேஸ்திரி கெம்பையன் நின்றிருந்தார். ராமாபுரத்துக்காரர். அப்பாவோடு உளி பிடித்தவர்.

"வாங்கம்மிணி. ஆட்டோவுல எதுக்கு வந்தீங்க, சொல்லியிருந்தா ஜீப்பு வந்திருக்குமல்லங்க?"

"பதினேழு எங்க இருக்குதுங்கண்ணா?"

"எந்தப் பதினேழுங்க?"

"உங்களுக்குத் தெரிஞ்ச பதினேழு."

அவர் கண் மட்டும் ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டு வந்தது. தாரணி அங்கே போனாள். ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தது ஒரு பெரிய கறுப்புக் கல்லின் இரண்டு பாதிகள் மேல். நடுவே பிளந்த பக்கம் கண்ணாடி போல மின்னியது. அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்கள்.

நஞ்சுண்டசாமி பின்னால் வந்து நின்றான். கை காட்டியதும் ஆட்கள் தூக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"பூஜை முடிஞ்சு மூணாம் நாளு" என்றான். "கிரேன்ல தூக்கறப்ப பொளந்துபோச்சு. உள்ள முடியாட்டம் ஒரு வெடிப்பு இருந்திருக்குது. இன்ஸ்பெக்டர் பாக்கல. நானும் பாக்கல. மறுநாளு லாரி ஏத்தியாகணும், கப்பல் எனக்காக நிக்குமா? இருந்ததுல நல்ல கல்லா ஒண்ணு பாத்து எடுத்து, பதினேழுன்னு எழுதி ஏத்தினேன். அதைவிட நீளம். அதைவிடக் கறுப்பு. ஒரு புள்ளி கெடையாது. நட்டம் எனக்குத்தான், அவனுக்கில்ல."

"ஏண்ணா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"கேட்டேன். மே மாசம், இதே ஷெட்டுல. எந்தக் கல்லையாச்சும் மாத்தினீங்களான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவளுக்கு நினைவு வந்தது. போனது எல்லாமே நல்ல கல்லுதான் அம்மிணி என்றான். இல்லை என்று சொல்லவில்லை. அவள் தலையாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில், இருபத்திரண்டு கற்களில் ஒன்றுகூட மாற்றப்படவில்லை என்று எழுதினாள். தமிழில் படித்துக் காட்டினாள், வேகமாக, மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால். அவன் கையெழுத்துப் போட்டான். அந்தக் காகிதம் ஜூன் மாதமே லண்டனுக்குப் போய்விட்டது. தங்கள் வீட்டில் யாரும் 'இல்லை' என்ற வார்த்தையை நேராகச் சொல்லிக் கேட்டதில்லை என்பது வேறு எந்த வக்கீலுக்கும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இப்ப அவனுக்குப் பதினேழு தெரியுமா?"

"தெரியல. எல்லாக் கல்லும் வேறன்னு சொல்றாங்க. அதனால ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாக்கல. மஞ்சள் என்னன்னும் தெரியல."

"அப்பச் சும்னே, வாயைத் தொறக்காம இரு. பன்னெண்டு சென்டிமீட்டரை எவன் பாக்கப்போறான்?"

"நான் பாத்துட்டேன்லண்ணா."

அவன் தரையைப் பார்த்தான்.

"நான் எந்திரிச்சு நின்னு மொதல் வார்த்தை பேசணும். ஒரு கல்லும் மாறலைன்னு. அதை எப்படிப் பேசறது?"

"எல்லாரும் பேசறதுதான? நீ படிச்ச படிப்பே அதுக்குத்தானன்னு ஊர்ல பேசிக்கறாங்க."

"ஊர்ல பேசறதை உடுங்க."

"சொல்லிட்டா என்ன ஆகும்?"

"இருபத்தொரு கல்லு அதே கல்லுன்னு அளவை வெச்சுக் காட்டலாம். ஒண்ணை மட்டும் சொல்லாம மாத்தினோம், மொதல்ல குடுத்த வாக்குமூலம் தப்புன்னு ஒத்துக்கணும். ஜெயிக்கலாம். ஒரு கல்லுல பொய் சொன்னவன் எல்லாத்துலயும் சொல்லுவான்னு நெனைச்சாங்கன்னா, தோத்துருவோம்."

"உனக்கு?"

"தொடங்கிப் பேசற வேலை வேற ஆளுக்குப் போகும்."

"ஜெனீவா?"

"தெரியல."

கிரேனின் கொக்கி காற்றில் மெல்ல ஆடியது. நஞ்சுண்டசாமி பிளந்த கல்லின் மேல் உட்கார்ந்தான். உள்ளங்கையால் அதைத் தடவினான், மாட்டின் முதுகைத் தடவுவது போல.

"நாப்பது பேரு சாப்படறாங்க இந்த யார்டுல" என்றான்.

தூரத்தில் யாரோ கல்லில் துளை போட ஆரம்பித்து, ஏனோ நிறுத்தினார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கால் வலித்தது. அவனை அவசரப்படுத்த ஒரு வார்த்தை இருந்திருந்தாலும் அவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

"மணி என்ன?"

"பன்னெண்டே முக்கால்."

அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "வண்டியில ஏறு."

மண்டி மொஹல்லா ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை தாரணி ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. அவன் சொல்வதைத் தமிழில், அவன் சொல்லும் வார்த்தையிலேயே எழுதினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டாள். இரண்டு இடங்களில் அவன் அவளைத் திருத்தினான். கல் பிளந்த தேதியை யார்டு டைரியைப் பார்த்துச் சொன்னான்.

பூஜைக்கு வந்தபோது நிறுத்தினான்.

"கழுவச் சொன்னது நான்னு எழுது."

"அம்மா சொன்னாங்கண்ணா."

"எனக்குத் தெரியாதா? நான்னு எழுது. அவங்க பேரு எதுக்கு அந்த ஊருக்கெல்லாம் போகணும்?"

"அப்ப அந்தப் பக்கமே எதுக்கு எழுதறோம்?"

"நான்னு எழுது அம்மிணி."

"பொய்யை எடுக்கறதுக்குன்னு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து இன்னொண்ணை வெக்கறீங்களா?"

நாச்சம்மாள் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"கழுவச் சொன்னது நான். மண்ணெண்ணெய் ஊத்தச் சொன்னது நான். மஞ்சள் அரைச்சது நான். அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல எனக்கு. எங்க கைநாட்டு வெக்கணும், காட்டு."

"அங்க லண்டனுக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்கம்மா" என்றான் நஞ்சுண்டசாமி.

"கேக்கட்டும். வெள்ளைக்காரனுக்கு மஞ்சள் எதுக்குப் பூசறதுன்னு சொல்லிட்டு வரேன். நீ சட்டையில பேனாக் குத்திக்கிட்டு இருந்தா மட்டும் போதுமா? மூடிவெச்சுக்கிட்டே இருந்து என்னத்தைக் கண்ட?"

அவன் சிரித்துவிட்டான். காலையிலிருந்து அவனுடைய முதல் சிரிப்பு அது.

அம்மாவுக்குத் தனி வாக்குமூலம் எழுத வேண்டியிருந்தது. பிறகு இரண்டையும் ஆங்கிலத்தில் டைப் அடிக்க வேண்டியிருந்தது. மூன்றரை ஆகிவிட்டது. நஞ்சுண்டசாமி ஆங்கிலப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து, இது எது, இது எது என்று கேட்டான். பதினேழு என்ற எண்ணை மட்டும் அவனே கண்டுகொண்டான். கையெழுத்துப் போட்டான். அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்து, விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு லண்டனுக்கு ஃபேக்ஸ் லைன் கிடைக்கவில்லை. நாலு பத்துக்குக் கிடைத்து, மூன்றாம் பக்கத்தில் அறுந்தது. தாரணி மறுபடி முதலிலிருந்து அனுப்பினாள். எந்திரம் ஒவ்வொரு பக்கத்தையும் மெதுவாக, படித்துப் பார்த்துக்கொண்டே விழுங்குவது போல இழுத்தது. நாலு இருபத்தாறுக்குக் கடைசிப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று சீட்டு வந்தது. பிறகு அதே பக்கங்களைத் தில்லிக்கும் அனுப்பினாள்.

மூவரும் ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காபி கொண்டுவந்தாள். நஞ்சுண்டசாமி அலமாரியிலிருந்து தன் புதுப் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினான். போட்டோவில் அவன் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தான்.

"இந்த மூஞ்சிய உள்ள உடுவானா அந்த ஊர்க்காரன்?"

"வாயத் தொறக்காம இருந்தா உடுவான்" என்றாள் அம்மா.

ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தது. தில்லி. தாரணி எடுத்தாள்.

"படித்தேன்" என்றார் சீனியர். அவர் எப்போதும் ஆங்கிலத்தில் பேசுவார், குரலை உயர்த்த மாட்டார். எஸ்டிடி லைனில் யாரோ தூரத்தில் அடுப்பு ஊதுவது போன்ற சத்தம். "உனக்கு எப்போது தெரியும்?"

"இன்று காலை."

"பதினேழாவது கல்லைக் கண்டுபிடித்தது யார்?"

"நான்தான். அளவுகளை ஒப்பிட்டேன்."

"முதல் வாக்குமூலத்தை எழுதியது?"

"நான்தான்."

"அப்படியானால் இனி நீ இந்த வழக்கில் வக்கீல் இல்லை, தாரணி. சாட்சி. முதலில் ஏன் அப்படி எழுதினாய், இப்போது ஏன் இப்படி என்று உன்னைத்தான் முதலில் கேட்பார்கள். மூன்று பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து கதை கட்டினீர்கள் என்பார்கள். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. இந்த நிமிடத்திலிருந்து விசாரணை முடியும் வரை உன் அண்ணனோடும் அம்மாவோடும் இந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே."

"நான் பேசக் கூடாது என்பதையாவது அவர்களிடம் சொல்லலாமா?"

"வேண்டாம். நான் நாளைக்கு அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அதுவரை ஒன்றுமே சொல்லாதே. நீ சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இருக்கக் கூடாது. இன்னொன்று. வாக்குமூலம் கொடுத்தவர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்கார வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். உன் அண்ணன் வராவிட்டால் நடுவர்கள் அந்தத் தாளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்."

"வருவார்."

"நல்லது. தொடக்க உரையை நான் பேசிக்கொள்கிறேன். ஜெனீவாவைப் பற்றி அப்புறம் பார்ப்போம்."

தாரணி ரிசீவரை வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"என்ன சொன்னாரு?" என்றான் நஞ்சுண்டசாமி.

அவள் அவனைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்கிட்டாரா?"

அவள் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். எதிரில் இருப்பவர்களைப் பார்க்காமல் இருப்பதற்கு அது ஒரு வேலை.

"என்னடி, வாயில என்ன வெச்சிருக்கற?" என்றாள் அம்மா. "கேக்கறான்ல?"

"அம்மிணி. உன் வேலை இருக்குதா?"

ஆம், இல்லை, தெரியவில்லை. மூன்றில் எதைச் சொன்னாலும் அது இந்த வழக்கைப் பற்றிய ஒரு வாக்கியம். மூன்று வாரம் கழித்து யாரோ ஒரு கறுப்புக் கோட்டு அவனிடம் கேட்கும்: அன்று மாலை உங்கள் தங்கை உங்களிடம் என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை என்று அவன் சொல்ல முடிய வேண்டும். அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். அவன் இனி நல்ல கல்லுதான் என்று சுற்றி வளைக்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும்.

நஞ்சுண்டசாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டில் யாரும் 'இல்லை' என்று சொன்னதில்லை. பேசாமல் இருப்பதுதான் 'இல்லை' என்பதற்கு வார்த்தை. அதை அவன் அப்படியே படித்தான்.

"ஆய்த்து" என்றான் கன்னடத்தில், முடிந்தது என்பது போல. "புரிஞ்சுது. எழுதச் சொன்ன, எழுதினேன். கையெழுத்து கேட்ட, போட்டேன். உன்னையும் சேத்துக் கவுத்துப்போட்டேன். இனி அந்த ஊருக்கு வந்து நின்னு நான் எதைக் காப்பாத்தப்போறேன்?"

பாஸ்போர்ட்டை அவளுடைய கோப்பின் மேல் வைத்தான்.

"நான் வரல. நீங்க அம்மாவும் மகளும் போங்க."

அவன் வெளியே போனான். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. ஸ்கூட்டர் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

"எந்திரி" என்றாள் நாச்சம்மாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு வார்த்தை சொல்லி அவனைக் கூப்புடு. போனான்னா ரெண்டு நாளைக்குக் குவாரியிலயே கெடப்பான்."

தாரணி வாசல் வரை வந்தாள். சந்தில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே நின்றதால் அவன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டு வழிக்காகக் காத்திருந்தான். பத்தடி தூரம். முதுகு அவள் பக்கம். அண்ணா என்று கூப்பிட்டால் போதும், அவன் திரும்புவான். திரும்பி, என்ன என்று கேட்பான்.

தள்ளுவண்டிக்காரன் வண்டியை ஓரம் தள்ளினான்.